வீட்டுக்குள் வந்த வழங்கி

நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது வாசிக்கலாம்.

களப்பணி முடித்துத் திரும்பும் ஆய்வு மாணவர்கள் அண்மைக் காலமாக ஒரே கேள்வியை வெவ்வேறு சொற்களில் கேட்கிறார்கள். ஒலிப்பதிவுகள் மடிக்கணினியில் கொஞ்சம், பென்டிரைவில் கொஞ்சம், மேகச் சேமிப்பில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கின்றன. வீட்டிலோ அம்மாவின் கைப்பேசி நிரம்பிவிட்டது. அதற்குள் இருப்பவை பேரக்குழந்தைகளின் படங்களும், மறைந்துபோன தாத்தா பேசிய சில குரல்பதிவுகளும். எல்லாவற்றையும் ஓரிடத்தில் சேர்த்து வைக்க நாஸ் பெட்டி ஒன்றை வாங்கலாமா, மூலையில் கிடக்கும் பழைய கணினியையே வழங்கியாக்கிக்கொள்ளலாமா?

விலைப்பட்டியலைக் கொண்டு இதற்கு விடை சொன்னால் ஆறு மாதத்தில் அது பழசாகிவிடும். வரலாற்றைக் கொண்டு விடை தேடுவது பயன் தரும் என்று கருதுகிறேன். வீட்டு வழங்கி என்று இன்று விற்கப்படும் பொருளின் ஒவ்வோர் உறுப்பும் அலுவலகத்திலோ ஆய்வுக்கூடத்திலோ பிறந்தது. அங்கே அதைப் பார்த்துக்கொள்ளச் சம்பளம் பெறும் நிர்வாகி ஒருவர் இருந்தார். பெட்டி வீட்டுக்கு வந்தது. அந்த ஆள் வரவில்லை. இந்த இல்லாமையை மறைக்க நடந்த முயற்சிகளாகவே வீட்டு வழங்கியின் வரலாற்றை வாசிக்க முடியும்.

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழர்களுக்குச் சர்வர் என்ற சொல் கணினி வழியாக அறிமுகமானதில்லை. உணவகத்தின் வழியாக வந்தது. 1964இல் வெளியான 'சர்வர் சுந்தரம்' படத்தின் பெயருக்கு அன்று யாரும் விளக்கம் கேட்டிருக்க மாட்டார்கள். ஆங்கிலத்திலும் அச்சொல் முதலில் ஆளைத்தான் குறித்தது. வரிசைகளைப் பற்றிய கணிதக் கோட்பாட்டில் டேவிட் கெண்டல் 1953இல் எழுதிய கட்டுரை, வரிசையின் முன்னே நின்று பணி செய்து அனுப்புகிறவருக்கு இச்சொல்லைப் பயன்படுத்தியது. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட்டை வடிவமைத்தவர்களின் ஆவணங்களில், 1969 ஜூனில் ஜெஃப் ரூலிஃப்சன் எழுதிய ஐந்தாம் ஆவணத்தில், அது கணினியைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தமிழில் இதற்கு இரண்டு ஆக்கங்கள் வழங்குகின்றன. 'வழங்கி' என்பதில் உள்ள இகர விகுதி 'தொலைநோக்கி'யில் உள்ளதைப் போலச் செய்வோனையோ கருவியையோ சுட்டும். 'சேவையகம்' இடத்தைச் சுட்டும். முதல் சொல்லே எனக்கு உவப்பானது. வழங்குகிறவர் யார் என்ற கேள்வியையாவது அது மிச்சம் வைக்கிறது.

சேமிப்புக் கருவியின் கதை வாடகையில் தொடங்குகிறது. ஐபிஎம் நிறுவனம் 1956இல் அறிமுகப்படுத்திய ராமாக் கணினியின் வட்டு அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அவற்றில் 50 இலட்சம் எழுத்துருக்கள் அடங்கின. இன்றைய கைப்பேசியில் ஒற்றைப் படத்துக்கே அது போதாமல் போகலாம். நிறுவனங்கள் அந்தக் கணினியை மாதம் 3,200 டாலர் வாடகைக்கு எடுத்தன. பழுது பார்க்கும் பொறியாளரும் ஐபிஎம்மிலிருந்தே வந்தார். மேகச் சேமிப்புக்கு மாதக் கட்டணம் செலுத்துவதை நம் காலத்தின் புதுமை என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ளலாம். தட்டைச் சொந்தமாக வைத்திருப்பதுதான் பின்னால் வந்த புதுமை.

அடுத்த முப்பது ஆண்டுகளைத் தாண்டி 1988க்கு வருகிறேன். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டேவிட் பேட்டர்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய பேராசிரியர்களும் அப்போது முனைவர் பட்ட மாணவராக இருந்த கார்த் கிப்சனும் சேர்ந்து ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள். பெருங்கணினிகளுக்கான விலையுயர்ந்த ஒற்றைப் பெருந்தட்டுக்கு மாற்றாக, தனிக்கணினிகளுக்காகத் தயாரிக்கப்பட்ட மலிவான சிறுதட்டுகள் பலவற்றை அடுக்கிப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம். அடுக்கில் தட்டுகள் கூடக் கூட, அவற்றுள் ஏதேனும் ஒன்று கெடும் வாய்ப்பும் கூடும். ஆகவே தரவோடு கூடுதலான சரிபார்ப்புத் தகவலையும் எழுதி வைத்தால், ஒரு தட்டு செத்தாலும் மற்றவற்றிலிருந்து அதை மீட்டெடுக்கலாம். 'மலிவான தட்டுகளின் மிகை அடுக்கு' என்ற பொருளில் அவர்கள் இட்ட பெயரின் முதலெழுத்துச் சுருக்கமே ரெய்டு.

மொழியியல் மாணவருக்குச் சுவையான இடம் இதற்கு அடுத்தது. அச்சுருக்கத்தின் மூன்றாம் எழுத்து 'மலிவான' என்பதைக் குறித்தது. தொழில்நிறுவனங்கள் ரெய்டு அடுக்குகளை உயர்ந்த விலையில் விற்கத் தொடங்கியபின் அந்த அடைமொழி சங்கடமாயிற்று. அதே எழுத்தில் தொடங்கும் 'தனித்தனியான' என்ற பொருளுடைய சொல் அந்த இடத்தில் வந்து அமர்ந்தது. சுருக்கம் மாறவில்லை, விரிவு மாறியது. கெடக்கூடிய மலிவுத் தட்டை நம்பிப் பிழைப்பதற்கான ஏற்பாடு என்ற பிறப்புக்கதையை அம்மாற்றம் அழித்துவிட்டது. வெறும் ரெய்டு என்ற சொல் பாதுகாப்பின் மறுபெயராக வீட்டுச் சந்தைக்கு வந்து சேர்ந்தது.

விளைவு சிறியதன்று. தட்டு கெட்டாலும் வேலை நிற்கக்கூடாது என்பதே ரெய்டின் நோக்கம். வங்கிக்கு அது இன்றியமையாதது. குடும்பத்துக்கு வேலை நிற்பது பெரிய துன்பமில்லை. இரண்டு நாள் படங்களைப் பார்க்க முடியாவிட்டால் உலகம் இருண்டுவிடாது. குடும்பத்தின் துன்பம் படம் திரும்ப வராமல் போவதுதான். இரண்டு தட்டுகளில் ஒன்றையொன்று பிரதி செய்யும் அமைப்பில், குழந்தை ஒரு கோப்புறையை அழித்தால் அந்த நொடியிலேயே இரண்டிலும் அது அழிகிறது. பிணைப்பணம் கேட்கும் தீநிரல் புகுந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டப்படுகின்றன. மின்னல் இறங்கினாலும் இரண்டும் ஒரே பெட்டிக்குள்தான் இருக்கின்றன. அலுவலகத்தில் இதை அறிந்த நிர்வாகி தனியே நாடாவில் காப்புப் பிரதி எடுத்து வேறு கட்டடத்தில் வைத்தார். வீட்டுக்கு விற்கப்பட்ட பெட்டியில் ரெய்டு மட்டும் வந்தது. நாடாவும் வரவில்லை, அதை எடுத்துச் சென்று வைப்பவரும் வரவில்லை.

வீட்டுக்கும் வழங்கிக்கும் இடையே உண்மையான பாலம் கட்டியவர் ஒரு முனைவர் பட்ட மாணவர் என்பதை இப்பதிவை வாசிக்கும் ஆய்வு மாணவர்கள் பெருமையோடு அறிந்துகொள்ளலாம். கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் கணினியியல் ஆய்வு செய்துகொண்டிருந்தார். யூனிக்ஸ் கணினியிலிருந்த கோப்புகளைத் தம் டாஸ் கணினியிலிருந்து திறக்க விரும்பினார். இரு கணினிகளும் பேச வேண்டிய நெறிமுறையின் முழு விளக்கம் அவரிடம் இல்லை. 1991 இறுதியில் வலையமைப்பின் கம்பியில் போகும் செய்திகளைக் கவனித்தே அதைக் கற்கத் தொடங்கினார். 1992 ஜனவரியில் தம் நிரலை வெளியிட்டார்.

தம் முறையைப் பின்னாளில் விளக்கியபோது அவர் சொன்ன உவமை பிரெஞ்சு உணவகம். பிரெஞ்சு தெரியாத ஒருவர் அங்கே போய் அமர்கிறார். வாடிக்கையாளர் ஏதோ சொல்கிறார். பரிமாறுபவர் ஏதோ கொண்டுவருகிறார். எந்த ஒலிக்கு எந்தத் தட்டு வருகிறது என்று தொடர்ந்து கவனித்தால் மெல்ல மெல்ல மொழி பிடிபடும். மொழியியலில் இடைமொழி இல்லாத களப்பணி என்று நாம் கற்பது இதைத்தான். பொதுமொழி ஏதுமில்லாத ஒருவரோடு மேடையில் அமர்ந்து, அவர் மொழியின் அமைப்பைச் சிறிது நேரத்திலேயே கரும்பலகையில் எழுதிக் காட்டிய கென்னத் பைக்கின் செயல்விளக்கங்கள் நம் துறையில் புகழ்பெற்றவை. டிரிட்ஜெல் இன்னொன்றும் செய்தார். வேண்டுமென்றே அறியாத கட்டளைகளை அனுப்பி, எந்தப் பிழைச்செய்தி திரும்பி வருகிறது என்று பார்த்தார். வழுவான வாக்கியத்தைத் தகவலாளரிடம் சொல்லி அவர் முகம் சுளிக்கிறாரா என்று பார்ப்பதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. உவமையில் வரும் பரிமாறுபவரும் சர்வர்தான் என்பதைச் சுட்டாமல் கடக்க மனம் வரவில்லை.

பெயரும் அகராதியிலிருந்து வந்தது. முதலில் இட்ட பெயரின்மீது வேறொரு நிறுவனத்துக்கு வணிக உரிமை இருந்தது. நெறிமுறையின் பெயரிலுள்ள எஸ், எம், பி என்ற மூன்று எழுத்துகளும் அதே வரிசையில் வரும் சொற்களைக் கணினியிலிருந்த சொற்பட்டியலில் தேடினார். கிடைத்த சிலவற்றுள் பிரேசில் நடனத்தின் பெயரான சாம்பாவைத் தேர்ந்தார். இன்று கடையில் வாங்கும் நாஸ் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுள் சாம்பா இருக்கிறது. நம் வாதத்துக்கு இன்றியமையாத செய்தி வேறு. முதல் வெளியீட்டுக்குப் பின் கைவிட்டிருந்த அந்நிரலை அவர் மீண்டும் கையிலெடுக்கக் காரணங்களில் ஒன்று, மனைவியின் விண்டோஸ் கணினியைத் தம் லினக்ஸ் கணினியோடு இணைக்க விரும்பியது. பல்கலைக்கழகத்தில் பிறந்த நிரல் ஒரு வீட்டின் தேவையால் மறுபிறவி எடுத்தது. அந்த வீட்டில் நிர்வாகி இருந்தார். அவரே நிரலை எழுதியவர். அந்த வசதி எத்தனை வீடுகளுக்கு உண்டு?

அவரது இன்னொரு படைப்பான ஆர்சிங்க் 1996இல் வந்தது. கோப்பில் மாறிய பகுதியை மட்டும் கண்டறிந்து அனுப்பும் அதன் நுட்பம் 1999இல் அவர் அளித்த ஆய்வேட்டில் விரிவாக உள்ளது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் காப்புப் பிரதிகள் அதைக் கொண்டு எடுக்கப்படுகின்றன. பயன்படும் ஆய்வேடு என்பது முரண்தொடராகவே இருக்க வேண்டியதில்லை.

நிர்வாகி இல்லாத வீட்டுக்கே வழங்கியைக் கொண்டுசெல்லப் பெருநிறுவனம் ஒன்று செய்த முழு முயற்சி விண்டோஸ் ஹோம் சர்வர். 2007 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் பில் கேட்ஸ் அதை அறிவித்தார். விளம்பரத்துக்காக மைக்ரோசாஃப்ட் ஒரு படநூலையே அச்சிட்டது. வீட்டில் ஏன் வழங்கி இருக்கிறது என்று பிள்ளை தாயிடம் கேட்பதாக அதன் தலைப்பு. தம்பி எங்கிருந்து வந்தான் என்ற வழக்கமான கேள்வியைப் போல அமைந்த நகைச்சுவை. வீட்டில் வழங்கி இருப்பதற்கு விளக்கம் தேவை என்பதை விற்பவரே ஒப்புக்கொண்ட சான்றாகவும் அந்நூலைக் காண்கிறேன்.

அதன் சிறப்பு, வெவ்வேறு அளவுள்ள தட்டுகளை ஒரே குளமாகக் காட்டிய நுட்பம். ரெய்டு பற்றி எதுவும் அறியாதவரும் தட்டைச் செருகினால் போதும். ஆனால் அந்த எளிமையின் அடியில் ஒரு பழுது இருந்தது. சில செயலிகள் வழங்கியிலுள்ள கோப்புகளை நேரடியாகத் திருத்தும்போது அவை சிதைந்தன. 2007 இறுதியில் பழுது ஒப்புக்கொள்ளப்பட்டது; திருத்தம் 2008 ஜூலையில் வந்தது. இடைப்பட்ட மாதங்களில் வழங்கியிலுள்ள கோப்புகளை எந்தெந்தச் செயலிகளால் திருத்தக்கூடாது என்பதைப் பயனரே அறிந்து நடக்க வேண்டியிருந்தது. நிர்வாகியை ஒழிக்க வந்த கருவி, நிர்வாகியின் கவலையைப் பயனரிடமே ஒப்படைத்தது. 2010இல் அந்தக் குள நுட்பத்தையும், 2012இல் அப்பொருளையே புதிதாக வெளியிடுவதையும் மைக்ரோசாஃப்ட் கைவிட்டது.

படங்களையும் இசையையும் வீட்டுக்குள் ஓடவிடும் மென்பொருள்களின் கதை தனிப் பதிவுக்குரியது. எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுக் கருவிக்காக எழுதப்பட்ட நிரலொன்று எக்ஸ்பிஎம்சியாகி, 2014இல் கோடி எனப் பெயர் மாறியது. அதிலிருந்தே பிளெக்ஸ் கிளைத்தது. எம்பி என்ற மற்றொரு நிரல் தன் மூலநிரலை மூடிக்கொண்டபோது 2018 டிசம்பரில் ஜெல்லிஃபின் பிரிந்தது. பொதுவில் எழுதப்பட்டது தனியுடைமையாவதும் அங்கிருந்து மீண்டும் ஒரு கிளை வெளியேறுவதுமாக இக்குடும்ப மரம் வளர்கிறது.

இந்தியாவில் நடுத்தர வகுப்புக் குடும்பங்களில் பல வீட்டு வழங்கி என்ற கட்டத்தைச் சந்திக்கவே இல்லை. கணினிக்கு முன்பே கைப்பேசி வந்த வீடுகள் ஏராளம். 2015 மேயில் கூகுள் ஃபோட்டோஸ் கட்டணமின்றி அளவில்லா இடம் தருவதாக அறிவித்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. இரண்டும் சேர்ந்து, கேட்காமலேயே கிடைத்த நிர்வாகியாகக் கூகுளை அமர்த்தின. மேகத்தின் வெற்றிக்கு விலையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. தட்டு கெட்டால் மாற்றவும், கடவுச்சொல் மறந்தால் மீட்கவும் ஆள் வைத்திருந்த முதல் குடும்பச் சேமிப்பு அதுதான். 2020 நவம்பரில் அந்தச் சலுகையை முடித்துக்கொள்வதாக அறிவிப்பு வந்தது. 2021 ஜூன் 1 முதல் புதிய படங்கள் 15 ஜிபி கணக்கில் சேர்ந்தன. வீட்டு வழங்கி பற்றிய கேள்விகள் மாணவர்களிடமிருந்து எழுவதற்கு அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் நெருக்கடியே காரணம் என்று நினைக்கிறேன்.

அதே ஜூன் மாதம் எதிர்த்திசையிலும் ஒரு பாடம் கிடைத்தது. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் மை புக் லைவ் என்ற வீட்டுச் சேமிப்புப் பெட்டியை வைத்திருந்த பலர் ஒரு காலையில் தம் கோப்புகள் அனைத்தும் அழிந்திருப்பதைக் கண்டார்கள். இணையம் வழியே யாரோ அப்பெட்டிகளைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்துவிட்டிருந்தார்கள். அப்பெட்டியின் மென்பொருளுக்குக் கடைசித் திருத்தம் வந்தது 2015இல். பெட்டி பழுதின்றி ஓடியது. ஆறு ஆண்டுகளாக அதைக் கவனிக்க ஆளில்லை. வாடகை வீட்டின் உரிமையாளரை நம்புவதா, பூட்டில்லாத சொந்த வீட்டை நம்புவதா என்ற தேர்வாக இதைக் குறுக்க வேண்டியதில்லை. இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: பார்த்துக்கொள்பவர் யார், எத்தனை காலத்துக்கு?

அந்தக் கேள்வியோடு வாங்குவதா கட்டுவதா என்பதற்கு வருகிறேன். முதலில் அளவு. ஒற்றைத் தடத்தில், நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட்டு என்ற தரத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறத்தாழ 518 எம்பி. 200 மணி நேரக் களப்பதிவும் 104 ஜிபிக்குள் அடங்கும். நான்கு தட்டு அடுக்கும் பெட்டி நம்மில் பலருக்குத் தேவையில்லை. அடுத்து மின்சாரம். 10 வாட் இழுக்கும் சிறு கருவி ஆண்டு முழுவதும் ஓடினால் ஏறக்குறைய 88 யூனிட். 60 வாட் இழுக்கும் பழைய மேசைக்கணினி 525 யூனிட்டைத் தாண்டும். இலவசமாகக் கிடைத்த கணினி இலவசமானதன்று. மூன்றாவது வலையமைப்பு. நம் நாட்டு அகன்ற அலைவரிசைச் சேவைகள் பலவற்றில் ஒரே பழைய வகை முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. வெளியிலிருந்து வீட்டுப் பெட்டியை நேரே எட்ட முடியாது. சிலர் இதைக் குறையென்று கருதித் துறைகளைத் திறந்துவிட வழி தேடுகிறார்கள். மை புக் லைவ் கதையை அவர்கள் மறுமுறை வாசிக்கட்டும். டெயில்ஸ்கேல் போன்ற தனிவலைச் சேவையால் பெட்டியைப் பொதுவெளிக்குக் காட்டாமலே எட்டலாம்.

வீட்டில் இதை விரும்பிச் செய்பவர் ஒருவரும், அவர் இல்லாதபோது கையாளத் தெரிந்த இன்னொருவரும் இருந்தால் கட்டலாம். ஒருவர் மட்டுமே என்றால் வாங்குவது நல்லது. எவருமில்லை என்றால் மேகத்துக்கு வாடகை கொடுத்துவிட்டு, இரண்டு வெளித்தட்டுகளை வாங்கி, ஒன்றை ஊரிலும் ஒன்றை விடுதியிலும் வைத்து, விடுமுறை தோறும் புதுப்பிப்பதே போதும். ஒளிப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பரப்பிய 3-2-1 விதி மூன்று பிரதி, இருவகை ஊடகம், ஒன்று வேறிடத்தில் என்கிறது. வழங்கி வேண்டும் என்று அவ்விதி எங்கும் சொல்லவில்லை.

தமிழில் கோப்புப் பெயர் வைப்போருக்கு ஒரு தனிக்குறிப்பு. 'பொங்கல்' என்ற சொல்லின் ஒகர உயிர்க்குறியை யூனிகோடில் ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்ற இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். முதல் வகையில் அச்சொல் 21 பைட்டு, இரண்டாம் வகையில் 24. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆப்பிளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே எழுதி வைத்தது. லினக்ஸ் பைட்டுகளை மட்டுமே ஒப்பிடும். பழைய மேக்கிலிருந்து லினக்ஸ் வழங்கிக்கு நகலெடுத்தால் 'பொங்கல்' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அருகருகே நிற்கக்கூடும். எதையேனும் அழிக்குமுன் இரண்டையும் திறந்து பாருங்கள். நீளத்துக்கும் எல்லை உண்டு. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் கோப்பு முறைமையில் பெயர் 255 பைட்டுக்குள் அடங்க வேண்டும். தமிழில் அது 85 குறியீடுகள்தாம், புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனியே கணக்கில் வரும். தகவலாளர் பெயர், ஊர், நாள், கதைத்தலைப்பு அனைத்தையும் கோப்புப் பெயரிலேயே திணிக்கும் நம் பழக்கம் அங்கே முட்டும்.

இறுதியாக, நிர்வாகி மறைந்தால் என்ன ஆகும்? 2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட இந்தியாவின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, ஒருவர் இறந்தாலோ செயலிழந்தாலோ அவருடைய தரவு உரிமைகளைச் செலுத்த வேறொருவரை நியமிக்க வகை செய்கிறது. கூகுளும் 2013 முதலே செயலற்ற கணக்கை யாரிடம் ஒப்படைப்பது என்று முன்கூட்டியே குறிக்க வழி தருகிறது. அதே இந்தியச் சட்டம், தனிப்பட்ட அல்லது இல்லப் பயன்பாட்டுக்காக ஒருவர் கையாளும் தரவைத் தன் எல்லைக்கு வெளியே வைக்கிறது. வீட்டு அலமாரியில் ஓடும் பெட்டிக்கு அச்சட்டத்தில் வாரிசு கிடையாது. மறைகுறியிட்ட தட்டின் கடவுச்சொல் ஒருவர் நினைவில் மட்டும் இருந்தால் தாத்தாவின் குரல் அவரோடு போய்விடும். ரெய்டு அடுக்கிலிருந்து கழற்றிய தட்டை அம்மாவின் விண்டோஸ் மடிக்கணினியில் செருகினால் அது வெறுமையாகத் தோன்றும். வடிவமைக்கவா என்று கணினி கேட்கும். அவர் ஆம் என்று சொல்லிவிடக்கூடும்.

ஆகவே மூன்றாம் பிரதி எக்ஸ்ஃபேட் முறையில் வடிவமைத்த சாதாரண வெளித்தட்டாக, எந்தக் கணினியிலும் திறப்பதாக இருக்கட்டும். அதனோடு ஒரு தாள்: எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, மற்றப் பிரதி யார் வீட்டில் இருக்கிறது, கடவுச்சொல் எங்கே எழுதி வைக்கப்பட்டுள்ளது, 'வடிவமை' என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்த வேண்டும். கையால், தமிழில், அம்மா கண்ணாடி இல்லாமலும் வாசிக்கும் அளவு எழுத்தில்.